ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன்: நோயாளிக்குப் புரிகிற தமிழ்ச் சொல் வேண்டும்

ஆறாத சர்க்கரைப் புண்ணோடு வருபவர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன், 3 வாரமாக இந்த ஒரே சொல்லில் நிற்கிறேன். மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தை இயல்பைப் போல 2 முதல் 2.5 மடங்கு வரை ஏற்றி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள்; அது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் கூடுதலாகக் கரைந்து புண்வரை போய்ச் சேருகிறது. ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வந்து பாதிக்கப்பட்டவர்களுக்கும், கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும்கூட இதே சிகிச்சைதான்.

முதலில் 'உயர் அழுத்த ஆக்சிஜன்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஒரு அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "எனக்குப் பிரஷர் இல்லையே தம்பி" என்றார். அப்புறம் 'மீயழுத்த' என்று மாற்றினேன், யார் வாயிலும் நுழையவில்லை. ஹைப்பர்பேரிக் என்றே விட்டால் பயந்துவிடுகிறார்கள்.

அழுத்தம் ஏறுவது அறைக் காற்றில்தான், ரத்தத்தில் இல்லை என்று கேட்டவுடனே புரிய என்ன சொல் போடலாம்?