புதுப்பிப்பு: பீட்சா மேல் தூவும் சோயா 'கறி' இந்த முறை தேறிவிட்டது

பீட்சாவுக்குக் கறிக்குப் பதிலாகச் சோயாத் துருவல் (பொடியான மீல்மேக்கர்) போட்டேன், ஈரப் பஞ்சு மாதிரி இருந்தது, பிள்ளைகள் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள் என்று போன வாரம் புலம்பியிருந்தேன். கோளாறு ஊறவைத்ததில் இல்லை, பிழிந்ததில்.

இந்த முறை வெந்நீரில் 10 நிமிடம் ஊறியதும் துணியில் கட்டி, சொட்டுவது நிற்கும்வரை முறுக்கினேன். கை வலித்தது, அது வேறு கதை. அப்புறம் அகலமான வாணலியில் எண்ணெய் விட்டுப் பரப்பி, கிளறாமல் விட்டேன். நீர் இருக்கும்வரை சோயா வேகுமே தவிர சிவக்காது. ஓரம் மொறுமொறுத்ததும் வதக்கிய காளான், சோயா சாஸ், இடித்த சோம்பு. பீட்சாவில் போடும் சாசேஜ் (மசாலா சேர்த்து அரைத்த கறி) வாசனை சோம்பில்தான் வந்தது.

அக்ரூட் சேர்க்கச் சொன்னவருக்கு: சேர்த்தேன், சீக்கிரம் கருகுகிறது, கடைசியில் போடுவது நல்லது. சின்னவள் இன்னும் முகம் சுளிக்கிறாள். பெரியவன் வாணலியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றான்.