புரோட்டோன் வீரா 1.5 கார்: சிக்னலில் நின்றால் இன்ஜின் நின்றுவிடுகிறது, ஈசியூ மாற்றச் சொல்கிறார்கள்

செம்மண்ரோடு:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய 1998 வீரா 1.5, எம்பிஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்), ஆட்டோ கியர், இப்போது என் கையில். மூன்று மாதமாக ஒரே தொல்லை. காலையில் நன்றாகத்தான் எடுக்கும், தோட்டத்து ரோட்டிலும் ஈப்போ போகும் ஹைவேயிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் சூடேறியபிறகு டவுனில் சிக்னலுக்கு நின்றால் ஆர்பிஎம் முள் 750-லிருந்து 500, 400 என்று இறங்கி, வண்டி ஒரு நடுக்கம் நடுங்கி நின்றுவிடும். ஏர்கோன் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பின்னால் லோரிக்காரர் ஹாரன் அடிப்பார், பக்கத்தில் அம்மா முருகா முருகா என்பார்.

பட்டறையில் பிளக் மாற்றினார்கள், பிறகு பெட்ரோல் ஃபில்டர், பிறகு பம்ப். 480 வெள்ளி போனது. இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி அதே கதை. இப்போது ஃபோமன் (பட்டறை மெக்கானிக்) ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டியை, மாற்றலாம் என்கிறார். மாற்றலாமா? வண்டியை விற்கச் சொல்லாதீர்கள், அது நடக்காது.

பழைய_ஸ்பேனர்:
ஈசியூவில் கை வைக்காதீர்கள் தம்பி. முதலில் இதைச் சொல்லுங்கள்: நின்றவுடன் சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கிறதா, இல்லை ஆறும்வரை காத்திருக்கிறீர்களா? முள் இறங்கும்போது எண்ணெய் பெடலை (ஆக்சிலரேட்டரை) லேசாக மிதித்தால் தப்பிக்கிறதா? பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் என்ன ஆகிறது?

செம்மண்ரோடு:
உடனே எடுக்கும். மிதித்தால் தப்பிக்கும், அதனால் இப்போதெல்லாம் இடது கால் பிரேக்கில், வலது கால் எண்ணெயில் என்று சர்க்கஸ் காட்டிக்கொண்டிருக்கிறேன். மார்க்கெட் பார்க்கிங்கில் ஸ்டியரிங் ஒடித்தால் ஏர்கோன் இல்லாமலேயே நிற்கிறது.

பழைய_ஸ்பேனர்:
அப்படியானால் பெரும்பாலும் இன்ஜினுக்குக் காற்றுதான் போதவில்லை. பெட்ரோலோ ஸ்பார்க்கோ குறைந்திருந்தால் மிதித்தாலும் முக்கிக்கொண்டேதான் இருக்கும், ஹைவேயிலும் காட்டியிருக்கும். ஆறும்வரை எடுக்காது என்று சொல்லியிருந்தால் ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகச் சொல்லியிருப்பேன்.

பெடலை விட்டதும், காற்று உள்ளே போகும் வழியில் (த்ராட்டில் பாடி) உள்ள த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிவிடும். இன்ஜின் உயிரோடு இருக்கத் தேவையான காற்று பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் துவாரம் வழியாகப் போகிறது, அதைக் கூட்டிக் குறைப்பது ஐஎஸ்சி மோட்டார். ஏர்கோன் போட்டாலும் ஸ்டியரிங் ஒடித்தாலும் இன்ஜினுக்குச் சுமை ஏறும், ஈசியூ உடனே துவாரத்தைத் திறக்கச் சொல்லும். 25 வருட எண்ணெய்ப் புகையும் கரியும் அங்கே அடைத்துக்கொண்டால் அது சொல்லி என்ன பயன்? குளிர்ந்த இன்ஜினுக்கு மோட்டார் நிறையத் திறந்து வைத்திருக்கும், அதனால் காலையில் தெரியாது. சூடேறியபிறகு சுருங்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறது.

அமைதியான இடத்தில், இன்ஜினை எடுக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்யச் சொல்லி, த்ராட்டில் பாடி பக்கம் காதை வையுங்கள். மோட்டார் கிர்ரென்று சின்னதாகச் சத்தம் போட வேண்டும். சத்தமே இல்லையென்றால் மோட்டாரின் வயர் பிளக்கைக் கழற்றி மோட்டார் பின்களில் மீட்டர் வையுங்கள். ஆறு பின்னில் இரண்டாவதிலிருந்து ஒன்றுக்கும் மூன்றுக்கும், ஐந்தாவதிலிருந்து நான்குக்கும் ஆறுக்கும், 28 முதல் 33 ஓம் காட்டினால் காயில் நல்லது. மிகக் குறைவாகக் காட்டினால் ஓட்டாதீர்கள், ஷார்ட் ஆன காயில் ஈசியூவையும் சுட்டுவிடும். அதைப் பார்க்காமல் புது ஈசியூ போட்டால் அதுவும் போகும், உங்கள் ஃபோமன் அதைச் சொன்னாரா?

செம்பனை_லோரி:
அண்ணே, எனக்கு இது வாக்கும் லீக் (ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுவது) மாதிரிதான் படுகிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். என் வேனில் அப்படித்தான் நின்றது, ஒரு ஹோஸ் மாற்றினேன், முடிந்தது.

பழைய_ஸ்பேனர்:
உங்கள் வேனில் உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் சென்சார் இருந்திருக்கலாம். அதில் திருட்டுக் காற்று புகுந்தால் கணக்கில் வராது, பெட்ரோல் போதாமல் நின்றுவிடும். வீராவில் இருப்பது மேப் சென்சார், மெனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் விடுகிறது. அங்கே லீக் இருந்தால் ஐட்லிங் (பெடலை மிதிக்காதபோது உள்ள ஆர்பிஎம்) ஏறத்தான் பார்க்கும். ஆனாலும் பிரேக் பூஸ்டர் ஹோஸையும் இன்ஜின் புகையை உள்ளே திருப்பிவிடும் பிசிவி வால்வையும் ஒரு தரம் பார்ப்பதில் தவறில்லை. சூடான எக்சாஸ்ட் பக்கத்தில் மட்டும் ஸ்ப்ரே அடித்து லீக் தேடாதீர்கள், தீப்பிடிக்கும்.

செம்மண்ரோடு:
ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு உட்கார்ந்து கழற்றினேன். மோட்டார் சத்தம் கேட்டது, நான்கு இடத்திலும் 30 ஓம் பக்கம் காட்டியது. த்ராட்டில் பாடிக்குள்ளே பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி. கேஸ்கெட் பத்திரமாக எடுத்து, கார்ப் கிளீனரும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துத் துவாரம் தெரியும்வரை கழுவினோம். மோட்டாரைத் துணியால் மட்டும் துடைத்தேன், முனையை இழுக்கவில்லை. மாட்டி எடுத்தால் இனி நிற்கவே மாட்டேன் என்கிறது, ஆனால் ஐட்லிங் 1300! டி-யில் போட்டால் பிரேக்கை விடும்முன்பே பாய்கிறது. என்ன கூத்து இது?

பழைய_ஸ்பேனர்:
சிரிப்பு வருகிறது. த்ராட்டில் பாடியில் ரப்பர் மூடிக்கு அடியில் ஐட்லிங் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஸ்குரூ இருக்கும், மூடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யாரோ முன்பே அதைத் திறந்துவிட்டுச் சமாளித்திருக்கிறார்கள். அடைப்பு போனதும் அந்தக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. இன்ஜினைச் சூடாக்கி, ஏர்கோன், லைட் எல்லாம் ஆஃப் செய்து, அந்த ஸ்குரூவைக் கால் திருப்பு திருப்பாக மூடுங்கள். சரியான முறைப்படி டயக்னோசிஸ் பின்னை எர்த் செய்து ஐஎஸ்சி மோட்டாரை அசையாமல் நிறுத்திவைத்துவிட்டுத்தான் செட் பண்ண வேண்டும், அது தெரிந்த ஒருவரிடம் பிறகு கொடுத்துச் சரிபாருங்கள். பக்கத்தில் பெயின்ட் போட்டுப் பூட்டிய இன்னொரு ஸ்குரூ இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள்.

செம்மண்ரோடு:
மூடி இல்லை, ஸ்குரூ ஏறக்குறைய வெளியே வந்து நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன், இப்போது 750-ல் நிற்கிறது, ஏர்கோன் போட்டால் தானே 900 போய்த் தாங்குகிறது. நேற்று கோலகங்சார் போய்வந்தோம், வழியில் எல்லா சிக்னலிலும் மாட்டினோம், அம்மா தூங்கிவிட்டார். ஏர் ஃபில்டரைத் தட்டினேன், அரைத் தோட்டம் கீழே விழுந்தது.

பழைய_ஸ்பேனர்:
தட்டாதீர்கள், புதிது போடுங்கள். அந்த ஸ்குரூவுக்கு ஒரு மூடியும் தேடுங்கள், ஹாஃப் கட் (பழைய கார் உதிரிபாகக்) கடையில் கிடைக்கும்.