பாஸர் ரேட்டிங் ஷீட்: ஒரு ஆட்டத்துக்கு 200 வருது, ராட்ஜர்ஸுக்கு 90.5 வருது. எங்க தப்பு?

ஸ்கிரீன்_பாஸ்:
என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பாலோட தொழில்முறை லீக்) குவார்ட்டர்பேக்குகளுக்கு, அதாவது பந்தை எறியற ஆட்களுக்கு, பாஸர் ரேட்டிங் (பாஸ் எவ்வளவு நல்லாப் போடறாங்கன்னு சொல்ற எண்) போட எக்செல்ல ஷீட் போட்டிருக்கேன். முதல் டேப் ஆட்டவாரியா, எண்களை நானே டைப் பண்றேன். இரண்டாவது டேப் சீசன் கணக்கு, சதவீத காலம் உள்பட ஒரு தளத்துலேர்ந்து காப்பி பண்ணி ஒட்டினது.

ரேட்டிங்குக்கு நாலு பகுதி (அட்டெம்ட் = போட்ட பாஸ், கம்ப்ளீஷன் = சொந்த அணி ஆள் பிடிச்ச பாஸ், டச்டவுன் = கோல் கோட்டைத் தாண்டி முடிஞ்ச பாஸ், இன்டர்செப்ஷன் = எதிரணி பிடிச்ச பாஸ்):
1. (கம்ப்ளீஷன் சதவீதம் − 30) × 0.05
2. (யார்டு ÷ அட்டெம்ட் − 3) × 0.25
3. டச்டவுன் ÷ அட்டெம்ட் × 20
4. 2.375 − (இன்டர்செப்ஷன் ÷ அட்டெம்ட் × 25)

நாலையும் கூட்டி, 6ஆல வகுத்து, 100ஆல பெருக்கறேன். மைனஸ் வராம இருக்க ஒவ்வொண்ணும் மேக்ஸ்(0, …)க்குள்ள இருக்கு.

சோதனைக்கு முதல் டேப்ல 20 அட்டெம்ட், 16 கம்ப்ளீஷன், 310 யார்டு, 4 டச்டவுன், இன்டர்செப்ஷன் 0 போட்டா 200.0 வருது. உச்சம் 158.3தானே? இரண்டாவது டேப்ல ஆரன் ராட்ஜர்ஸ் 2011க்கு 122.5 வரணும், 90.5 காட்டுது.

தேர்டு_அண்ட்_லாங்:
200க்குக் காரணம், தரை போட்டீங்க, கூரை போடல. ஒவ்வொரு பகுதியும் 0லேர்ந்து 2.375க்குள்ள நிக்கணும். மேக்ஸ்(0, மின்(2.375, பகுதி))னு மாத்துங்க. உங்க எண்கள்ல முதல் மூணும் 2.5, 3.125, 4னு கூரையைத் தாண்டிடுச்சு. வெட்டினா நாலும் 2.375, ரேட்டிங் 158.3.

சிலர் கடைசி விடையை மட்டும் 158.3ல நிறுத்தி ஒப்பேத்துவாங்க. அது தப்பு. அதே ஆட்டத்துல 2 இன்டர்செப்ஷன் சேருங்க. நாலாவது பகுதி 0 ஆயிடும். மொத்தத்தை மட்டும் வெட்டினா அப்பவும் 158.3தான் காட்டும். சரியான விடை 118.8.

பாக்கெட்_காவல்:
90.5 விஷயம். ராட்ஜர்ஸ் 2011: 502 அட்டெம்ட், 343 கம்ப்ளீஷன், 4643 யார்டு, 45 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். பகுதிகள் வரிசையா 1.916, 1.562, 1.793, 2.076. உங்களுக்குக் குறையறது 32 புள்ளி. அதை 6ஆல பெருக்கி 100ஆல வகுங்க, 1.92. அதாவது முதல் பகுதி அப்படியே காணாமப் போயிருக்கு.

ஒட்டின காலத்துல 68.3% னு தெரியும், ஆனா எக்செல் உள்ள வெச்சிருக்கறது 0.683. அதுலேர்ந்து 30 கழிச்சா மைனஸ், உங்க மேக்ஸ் அதை 0 ஆக்கிடுச்சு. எர்ரர் காட்டியிருந்தா உடனே பிடிச்சிருப்பீங்க. சதவீத காலத்தையே தூக்கிடுங்க. (343 ÷ 502 − 0.3) × 5னு நேரா எழுதினா இந்த வம்பே இல்ல.

ஸ்கிரீன்_பாஸ்:
ரெண்டும் சரியாயிடுச்சு, நன்றி. ஆனா ஒரு ஆளோட ஆட்ட ரேட்டிங்குகளை சராசரி எடுத்தா சீசன் ரேட்டிங்கோட ஒட்டல. அப்புறம், சாக்கை (பாஸ் போடறதுக்குள்ள குவார்ட்டர்பேக்கை எதிரணி வீழ்த்தறது) எங்க கழிக்கறது?

பாக்கெட்_காவல்:
சராசரி எடுக்கவே கூடாது. அடிபட்டு 6 பாஸோட வெளிய போன ஆட்டமும் 45 பாஸ் போட்ட ஆட்டமும் அதுல சமமாயிடும். அட்டெம்ட் எடை போட்டுப் பார்த்தாலும் ஒட்டாது, ஏன்னா கூரை ஒவ்வொரு ஆட்டத்திலும் தனித்தனியா வெட்டுது. மூல எண்களைக் கூட்டி ஒரே தடவை சூத்திரம் போடுங்க.

பாஸர் ரேட்டிங்ல சாக்குக்கு இடமே இல்ல. பந்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னு விழறவனுக்கு அது ஒரு சலுகை. அதுக்கு ஏஎன்ஒய்/ஏ (ஒரு பாஸ் முயற்சிக்குத் திருத்தின நிகர யார்டு) போடுங்க: (யார்டு + 20 × டச்டவுன் − 45 × இன்டர்செப்ஷன் − சாக் யார்டு) ÷ (அட்டெம்ட் + சாக்). ராட்ஜர்ஸ் 36 சாக், 219 யார்டு இழப்பு: 5054 ÷ 538 = 9.39. உங்க ஷீட்டுக்கு இது நல்ல சோதனை எண்.

பாக்ஸ் ஸ்கோர்ல (ஆட்டத்தோட புள்ளிவிவர அட்டவணை) இருக்கற அணியோட பாஸிங் யார்டை எடுத்துடாதீங்க. என்எஃப்எல்ல அது சாக் கழிச்ச நிகரம், ரெண்டாவது தடவை கழிச்சுடுவீங்க.

தேர்டு_அண்ட்_லாங்:
ரேட்டிங்கோட எடைகளையும் பாருங்க. எல்லாத்தையும் யார்டுக்கு மாத்தினா, கூரை தரை இடிக்காத வரைக்கும், ஒரு கம்ப்ளீஷன் 20 யார்டு, டச்டவுன் 80, இன்டர்செப்ஷன் 100. ஏஎன்ஒய்/ஏல டச்டவுன் வெறும் 20. கோல் கோட்டுக்கு ஒரு யார்டு இருக்கும்போது ஓடாம பாஸ் போட்டு முடிக்கற அணியோட குவார்ட்டர்பேக்குக்கு ரேட்டிங் சும்மாவே ஊதும். மூணாவது டவுன்ல (நாலு முயற்சில மூணாவது) 15 யார்டு வேணும்னு இருக்கும்போது 10 யார்டு பாஸ் போட்டா அடுத்தது பன்ட்தான் (பந்தை உதைச்சு எதிரணிக்குக் கொடுக்கறது), ஆனா அந்த ஒரு பாஸோட ரேட்டிங் 108.3. டவுன், தூரம் எதுவும் சூத்திரத்துக்குத் தெரியாது. அது தெரியணும்னா ஒவ்வொரு பிளேயா இபிஏ (அந்த பிளே எதிர்பார்க்கற புள்ளியை எவ்வளவு ஏத்துச்சுங்கற கணக்கு) பார்க்கணும்.

காலமும் முக்கியம். 1973ல இந்த முறை வந்தப்ப சராசரி ஆட்டத்துக்குப் பகுதி ஒண்ணுக்கு 1.0, மொத்தம் 66.7னு வெச்சுதான் அமைச்சாங்க. அந்தக் காலத்து குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தோட வாழ்நாள் ரேட்டிங் 65.5. அதை இப்போதைய ஆட்களோட எண்ணுக்குப் பக்கத்துல வெச்சு அவரை மட்டம்னு சொல்லிடாதீங்க.

ஸ்கிரீன்_பாஸ்:
காலேஜ் ஆட்களையும் இதே டேப்ல சேர்க்கலாமா?

பாக்கெட்_காவல்:
வேண்டாம். என்சிஏஏ (காலேஜ் விளையாட்டு அமைப்பு) சூத்திரம் வேற: (8.4 × யார்டு + 330 × டச்டவுன் + 100 × கம்ப்ளீஷன் − 200 × இன்டர்செப்ஷன்) ÷ அட்டெம்ட். கூரையும் இல்ல. உங்க 16/20 ஆட்டம் அங்க 276.2. சாக்கை அவங்க ரஷ்ஷிங் (பந்தோட ஓடற) கணக்குல எழுதறாங்க, அதனால ஏஎன்ஒய்/ஏக்கு சாக் எண்ணைத் தனியாத் தேடி எடுக்கணும். மூணாவது டேப் போடுங்க.