சாவுச் சேதி வந்தால்: கோலாலம்பூர், பினாங்கு உறவுகளுக்கு

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கக் குழுவில் ஒரு சாவுச் சேதி விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 'ஆழ்ந்த இரங்கல்' வரிசையாக வந்து நிற்கிறது. தவறில்லை. ஆனால் சாவு வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியது வேறு: எந்த ஆபீஸ், எந்தக் காகிதம், உடலை ஊருக்கு அனுப்புவதா இங்கேயே எரிப்பதா, ஊரில் யாரிடம் முதலில் சொல்வது. இதில் பிசகினால் துக்கம் கோபமாகத் திரும்பி, பங்காளிகளுக்குள் வருஷக்கணக்கில் நிற்கும். அதனால் இந்த நீண்ட மடல்.

ஊரில் சாவு, நாம் இங்கே என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இறந்தவரை 'சீரியஸா இருக்காரு, கிளம்பி வா' என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். வருகிறவன் வழியில் உடைந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணம். மதுரையிலிருந்து பஸ் ஏறுகிறவனுக்கு அது சரி. கோலாலம்பூரில் இருப்பவனுக்குக் கேடு. 'சீரியஸ்' என்றால் அவன் ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்புவான், இரண்டு நாள் கழித்து மலிவு டிக்கெட் தேடுவான். 'இறந்துட்டாரு' என்றால் இன்றிரவு திருச்சிக்கோ சென்னைக்கோ இடம் இருக்கிறதா என்று பார்ப்பான். இல்லையென்றால் 'எனக்காக வைக்க வேண்டாம், எடுத்துருங்க' என்று அவன் வாயாலேயே சொல்வான். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமையை அவனிடமிருந்து பறிக்காதீர்கள். பிற்காலத்தில் அவனை அரிப்பது போக முடியாததல்ல, தன்னைக் கேட்காமல் முடித்ததுதான். ஊரில் இருப்பவர்களுக்கும் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

லீவு விஷயம். மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் இறப்புக்கென்று தனி விடுப்பு கிடையாது. தனியார் கம்பெனிகளில் கிடைக்கும் இரண்டு மூன்று நாள் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் 'உடனடிக் குடும்பம்' என்று எழுதியிருக்கும். அதில் தாத்தா, பாட்டி, மாமனார் வருவார்களா என்று சும்மா இருக்கும்போதே படித்து வையுங்கள். நம்மை வளர்த்தது பெரியம்மாவாக இருக்கலாம், எச்.ஆர். கணக்கில் அவர் யாரோ. மிச்ச நாளை ஆண்டு விடுப்பில்தான் எடுக்க வேண்டும். பெர்மிட்டில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒன்று: உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சாவு வந்த அன்று போய்ச் சண்டை போட நேரம் இருக்காது. இப்போதே வாங்கி வையுங்கள்.

மலேசியக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு வேறு சிக்கல். இந்திய இ-விசாவுக்குப் பயணத்துக்கு நான்கு நாளாவது முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சாவு நான்கு நாள் காத்திருக்காது. ஊரில் வயதான தாய் தகப்பன் இருந்தால் செல்லுபடியாகும் விசாவோ ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டையோ எப்போதும் கையில் இருக்கட்டும்.

போக முடியாதவர்கள் வீடியோவில் பார்க்கிறார்கள். இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்யலாம். இலவச கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடத்தில் அறுந்துவிடும். குளிப்பாட்டும்போது தொடங்கினால் நெய்ப்பந்தம் பிடிக்கும் நேரத்தில் திரை கறுப்பாகும். வாட்ஸ்அப் வீடியோவில் 32 பேர் வரை சேரலாம், ஆனால் சுடுகாட்டுப் பக்கம் டவர் எடுக்காது. எனவே வீட்டில் ஒரு இணைப்பு, சுடுகாட்டில் ஒரு இணைப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டில் சிக்னல் எப்படி என்று ஒரு பையன் முன்னாலேயே போய்ப் பார்க்கட்டும். போனை ஸ்டாண்டில் வைத்து, பக்கத்தில் பேசத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள்: 'இப்ப சின்ன மாமா மாலை போடுறாரு, இப்ப பேரப்பிள்ளைங்க பந்தம் பிடிக்குது' என்று சொல்லிக்கொண்டே இருக்க. யாரும் பேசாத திரையைப் பார்த்துக்கொண்டு தனியறையில் உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. கூடவே ரெக்கார்டும் செய்யுங்கள். கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

இங்கே அடுக்குமாடியில் ஒப்பாரி வைக்க முடியாது, பக்கத்து வீட்டார் காவலாளியைக் கூப்பிடுவார்கள். கோயில் மண்டபத்திலோ சங்கத்து உறவு ஒருவர் தரை வீட்டிலோ ஒரு மாலை துக்கம் விசாரிக்க உட்காரலாம். பெண்களைத் தடுக்காதீர்கள். படம், விளக்கு, ஒரு சொம்புத் தண்ணீர், வருகிறவர்களுக்கு டீ போதும். சாப்பாட்டை நாம் கொண்டுபோக வேண்டும், சாவு வீட்டில் சமைக்கவிடக் கூடாது.

கொள்ளிக்கு மூத்தவன் வர முடியவில்லை என்று மனம் நொறுங்குகிறவர்கள் அதிகம். இளையவன் கொள்ளி வைத்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கு மூத்தவன் போய் உட்காரலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் வழி விடுவார்கள். தூரதேசத்தில் இருப்பவனைப் பழைய சாத்திரமே கணக்கில் வைத்திருக்கிறது. பத்து நாள் தீட்டுக்குள் சேதி கேட்டால் மிச்ச நாள் மட்டும், பத்து நாள் கழிந்து கேட்டால் மூன்று இரவு, ஒரு வருஷம் கடந்து கேட்டால் குளியல் என்று மனு தர்மத்தில் இருக்கிறது. மனுவோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆனாலும் 'நீ இல்லாம எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்று சொல்கிறவரிடம் இதைக் காட்டலாம்.

அடுத்து திதி. இதில்தான் படித்தவர்களும் பிசகுகிறார்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. திதி என்பது சூரிய சந்திரரின் இடைவெளி. அது உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் மாறும், கடிகாரம்தான் வேறு. இங்கே ஒருவர் 15ஆம் தேதி அதிகாலை 12.40க்கு இறந்தால் ஊரில் அப்போது 14ஆம் தேதி இரவு 10.10. ஊர்ப் பஞ்சாங்கத்தில் 14 இரவு 11.15 வரை தசமி என்றிருந்தால் அவர் திதி தசமி. மலேசிய நேரத்தை அப்படியே ஊர்ப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏகாதசி என்று வரும், வருஷா வருஷம் தப்பான நாளில் திவசம் நடக்கும். ஒன்று, இரண்டரை மணி கழித்துவிட்டுப் பாருங்கள். அல்லது மலேசிய நேரத்தில் கணித்து இங்கே அச்சாகும் நாள்காட்டியைப் பாருங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

இதே இரண்டரை மணி நேரம் ஆங்கிலத் தேதியிலும் விளையாடும். நள்ளிரவுக்கும் இரண்டரைக்கும் இடையில் இங்கே நடந்த சாவுக்கு ஊர்க்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் முந்தின நாள் தேதி போடுவார்கள். போஸ்டரோடு போகட்டும். வாரிசுச் சான்றிதழ், இன்சூரன்ஸ், பேங்க் விண்ணப்பங்களில் மலேசிய இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் தாலுகா ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள்.

தேதியே தெரியாத சாவுகளும் நம் குடும்பங்களில் உண்டு. 1942, 43இல் சப்பான்காரன் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்திலிருந்து பிடித்துப்போன பாட்டன்மாருக்கு நாளும் இல்லை, குழியும் இல்லை. அவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசையில் தண்ணீர் இறைக்கலாம். திதி தெரியாதவர்களுக்கும் உரிய நாள் அது.

இனி, இங்கே நடக்கும் சாவு.

ஆஸ்பத்திரியில் என்றால் இறப்பை உறுதிசெய்து, அடக்க அனுமதிக்கான காகிதம் அங்கேயே வரும். வீட்டில் என்றால் முதலில் பக்கத்துப் போலீஸ் நிலையம். திடீர்ச் சாவு, விபத்து, வேலையிடத்துச் சாவு என்றால் பிரேதப் பரிசோதனை வரலாம். நாள் இழுக்கும், அதற்காக யாரிடமும் பணம் கொடுத்து அவசரப்படுத்தப் பார்க்காதீர்கள். தீபகற்ப மலேசியாவில் ஏழு நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில், அதாவது ஜே.பி.என்.னில், இறப்பைப் பதிய வேண்டும். பதியும்போது பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன்பே பாருங்கள். இனிஷியல், தகப்பன் பெயர் முன்பின் மாறினால் ஊரில் வாரிசுச் சான்றிதழ் நிற்கும். சான்றிதழ் மலாயில் இருக்கும். இந்தியாவில் காட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும், விஸ்மா புத்ரா (மலேசிய வெளியுறவு அமைச்சு) முத்திரையும், அதன்பின் இந்தியத் தூதரக முத்திரையும் தேவைப்படும். நாலைந்து நகலாக ஒரே தடவையில் செய்துவிடுங்கள்.

உடலை அனுப்புவதென்றால் கோலாலம்பூர் மோன்ட் கியாராவில் உள்ள இந்திய ஹைகமிஷனின் (அதாவது இந்தியத் தூதரகத்தின்) தடையில்லாச் சான்று வேண்டும். பினாங்கில் இறந்தாலும் காகிதம் அங்கேதான் போகும். இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் (உடல் கெடாமல் மருந்து ஏற்றுவது) சான்றிதழ், பெட்டி சீல் வைத்த சான்றிதழ், போலீஸ் கடிதம், ஊரிலுள்ள நெருங்கிய வாரிசின் ஒப்புதல் கடிதம், அசல் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை அங்கே ரத்து செய்வார்கள். எல்லாப் பக்கத்தையும் அதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தரப்பில் 1988 தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் சுகாதாரத் துறையின் அனுமதியும் தேவை. இதை ஈமச்சடங்கு ஏஜெண்டு எடுப்பார். இந்தியப் பக்கம் விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதிக்கு 2023 முதல் இ-கேர் என்ற இணையதளம் இருக்கிறது, காகிதங்களை முன்கூட்டியே அதில் ஏற்ற வேண்டும். டிக்கெட் போடுமுன் அந்த விமானம் சடலம் ஏற்றுமா என்று கேளுங்கள்; எல்லா விமானமும் ஏற்றாது. ஏஜெண்டு சொல்லும் விலையில் எம்பாமிங், பெட்டி, காகிதம், சரக்குக் கட்டணம், இங்குள்ள வண்டி ஐந்தும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு 'அது தனி' என்று வருவது பெரும்பாலும் சரக்குக் கட்டணம்தான், ஏனென்றால் அது எடைக்குப் போடுவது, துத்தநாகத் தகடு அடித்த பெட்டியும் எடையில் சேரும்.

பணம் இல்லாத குடும்பத்துக்கு: ஹைகமிஷனில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி உண்டு, தகுதியானவர்களுக்கு உடல் அனுப்பும் செலவைத் தருவார்கள். பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு போக இந்திய அரசின் அனுமதி தேவை) முத்திரையோடு வந்த தொழிலாளி என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி இருக்கும், விபத்துச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய். பாலிசிக் காகிதம் பெரும்பாலும் ஊரில் பெட்டிக்குள் கிடக்கும், தேடச் சொல்லுங்கள். பெர்மிட் தொழிலாளர்கள் 2019 ஜனவரி முதல் பெர்கேசோ என்ற மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலும் வருகிறார்கள். வேலையில் நடந்த சாவு என்றால் முதலாளி அங்கே அறிவித்தாரா என்று சங்கம் கேட்க வேண்டும். ஊரில் விமான நிலையத்திலிருந்து வண்டிக்குத் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம்.

இப்போது பலர் கேட்கத் தயங்கும் கேள்வி: அனுப்பத்தான் வேண்டுமா? என் கருத்து, இறந்து நாள் பல ஆகிவிட்டாலோ பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலோ இங்கே எரித்து அஸ்தியை அனுப்புவதே நல்லது. தாமதமாக எம்பாமிங் செய்தால் மருந்து உடலெங்கும் சரியாகப் பரவாது. மஞ்சள் காமாலையில் இறந்தவருக்கு ஃபார்மலின் பட்டால் தோல் பச்சை பாயும். ஊரில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு 'என்னமோ பண்ணிட்டாங்க' என்று சந்தேகம் கிளம்புவது பாதி இதனால்தான். முடிவு எடுப்பது மனைவியும் தாயும். முகநூலில் ஊர்ப்பற்று பேசுகிறவர்கள் அல்ல. அனுப்பினால், தகடு வெட்டும் கத்தரியோடு ஒருவரை ஊரில் தயாராக வைக்கச் சொல்லுங்கள், ஈயம் வைத்து ஒட்டிய தகடு கையால் வராது. தகட்டுப் பெட்டியோடு சிதையில் ஏற்றக் கூடாது, புகை நஞ்சு. பெட்டி வாசலில் நுழையுமா என்று அளந்து பார்க்கட்டும்.

இங்கே எரிப்பதென்றால் கோலாலம்பூரில் செராஸ், பினாங்கில் பத்து லஞ்சாங். வீட்டில் வைத்துச் சடங்கு செய்ய நினைத்தால் கொண்டோ நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள், லிப்டில் பெட்டி படுக்கை வாக்கில் போகுமா என்பதையும் பாருங்கள். எலும்பை அரைக்காமல் தரச் சொல்லி எரியூட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். காவிரிக்கும் ராமேசுவரத்துக்கும் கொண்டுபோகிறவர்கள் எலும்பாகத்தான் எதிர்பார்ப்பார்கள். பெரியவர் ஒருவரின் சாம்பல் இரண்டு மூன்று கிலோ வரும். செம்புக் கலசம் விமான நிலைய ஸ்கேனில் உள்ளே காட்டாது, திறக்கச் சொல்லித் தகராறு வரும். மரப்பெட்டியோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ போதும், செம்பை ஊரில் மாற்றிக்கொள்ளலாம். தகனச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், ஹைகமிஷன் கடிதம் கைப்பையில் இருக்கட்டும். ஒரு பங்கைக் கிள்ளான் துறைமுகத்தில் கரைத்துவிட்டு ஒரு பங்கை ஊருக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது ஆறுதல்.

நம் ஊர் முஸ்லிம் உறவுகளுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. மையத்து பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம், பினாங்கிலேயே. அதனால் ஊருக்குச் சேதி முதல் ஒரு மணி நேரத்தில் போக வேண்டும். அடக்கம் எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு, இந்திய நேரத்தில் எப்போது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஊரில் காயிப் ஜனாஸா (உடல் முன்னால் இல்லாமல் தொழும் இறப்புத் தொழுகை) தொழுவது ஷாஃபி மத்ஹபில் (சட்ட வழியில்) உண்டு, ஹனஃபியில் இல்லை. இதைத் தெரியாமல் கேட்டு மனக்கசப்பு வேண்டாம். பெர்மிட்டில் வந்தவர் என்றால் பள்ளி நிர்வாகத்திடம் அடக்க இடத்துக்கு யார் பேசுவது என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

கணவர் இறந்தால் மனைவியின் டிபென்டன்ட் பாஸ் கணவரின் எம்ப்ளாய்மென்ட் பாஸோடு கட்டியது. அது ரத்தானால் இதுவும் நிற்காது. இத்தா (கணவரை இழந்த முஸ்லிம் பெண்ணின் காத்திருப்புக் காலம்) நான்கு மாதம் பத்து நாள் இருக்க வேண்டிய பெண்ணுக்கும், பள்ளி ஆண்டு முடியாத பிள்ளை வைத்திருப்பவருக்கும் இது இரண்டாவது அடி. கம்பெனி பாஸை ரத்து செய்யும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். குடிநுழைவுத் துறையில் ஸ்பெஷல் பாஸ் கேட்கும்போது சங்கத்து ஆள் ஒருவர் கூடப் போங்கள். தனியாக விடாதீர்கள்.

ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தாளில் இவற்றை எழுதி, வீட்டில் ஒன்றும் உங்கள் வட்டாரப் பொறுப்பாளரிடம் ஒன்றும் கொடுங்கள்: பாஸ்போர்ட் நகல், ஊரில் முதலில் அழைக்க வேண்டிய ஒரே ஒருவர், எரிப்பதா புதைப்பதா, இங்கேயா ஊரிலா, இன்சூரன்ஸ் பாலிசி எங்கே இருக்கிறது. குழுவில் யாரும் போட வேண்டாம், பாஸ்போர்ட் எண் எல்லோருக்கும் போய்விடும்.