ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ-க்கு 17 இன்ச் அலாய் வீல்: வண்டிக் குலுக்கல் எவ்வளவு கூடும்?

தாம்பரம்_திண்டிவனம்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் இருக்கிறது. கம்பெனியில் இருந்து வந்த 165/80 ஆர்14 டயரும் ஸ்டீல் ரிம்மும்தான் இன்னும் ஓடுகிறது. டயர் தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டும், மாற்றுவதே மாற்றுகிறோம் அலாயும் போட்டுவிடலாம் என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் 17 இன்ச் பக்கமே தள்ளுகிறார்கள். 205/45 ஆர்17 டயர், ரிம் அகலம் 7 இன்ச், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து அது வண்டியில் ஒட்டும் முகம் வரை உள்ள தூரம்) 35 மில்லிமீட்டர். "வெளி விட்டம் ஒன்றுதான் சார், ஸ்பீடாமீட்டர் மாறாது, வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும்" என்கிறார் ஒருவர். பார்க்க அட்டகாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின் சீட்டில் அப்பா அம்மா அடிக்கடி வருவார்கள், அப்பாவுக்கு முதுகு வலி உண்டு. வாரம் முழுக்க சிட்டி, அவ்வப்போது ஜிஎஸ்டி ரோட்டில் ஊருக்குப் போவேன். நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

ரப்பர்_புஷ்:
விட்டம் பற்றிக் கடைக்காரர் சொன்னது சரிதான் ப்ரோ. உங்கள் பழைய டயர் சுமார் 620 மில்லிமீட்டர், அவர் சொல்வது சுமார் 616. மீட்டரில் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த 620-க்குள் ரப்பர் எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்பதை அவர் சொல்லவில்லை. இப்போது உங்கள் டயரின் சைடுவால், அதாவது பக்கச் சுவரின் உயரம், 132 மில்லிமீட்டர் (டயர் அகலம் 165 மில்லிமீட்டர், அதில் 80 சதவீதம்). 205/45 போட்டால் 92 மில்லிமீட்டர். நாலு சென்டிமீட்டர் ரப்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினியத்தை வைக்கிறீர்கள். சைடுவாலும் அதில் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் முதல் ஸ்பிரிங். சின்னச் சின்ன அதிர்வு, ரோட்டு ஒட்டு, பாலத்தின் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் இதெல்லாம் ஷாக் அப்சார்பருக்குப் போகும் முன்னாலேயே அங்கே பாதி அடங்கிவிடும். அதைக் குறைத்தால் மிச்சமெல்லாம் நேராக பாடிக்கு வரும், அங்கிருந்து அப்பாவின் முதுகுக்கு.

அப்புறம் எடை. "அலாய் லேசு" என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரே அளவு ரிம்மை ஒப்பிட்டால்தான் அது சரி. 14 இன்ச் ஸ்டீலுக்குப் பதிலாக மலிவான 17 இன்ச் காஸ்ட் அலாய் போட்டால் பெரும்பாலும் எடை கூடத்தான் செய்யும். அதோடு கனம் மையத்தில் இருந்து விளிம்புக்கு நகர்கிறது, அதனால் சிக்னலில் இருந்து கிளம்பும்போதே வண்டி மந்தமாகத் தெரியும், பிரேக் பிடிக்கும்போதும் அந்தக் கூடுதல் சுழற்சியை அடக்க வேண்டும். மைலேஜும் கொஞ்சம் போகும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை என்பது வேறு விஷயம், டிக்கியில் பத்து கிலோ வைப்பது போல இல்லை. சேறு அப்பிய செருப்போடு ஓடிப்பாருங்கள், தெரியும். பள்ளத்தில் இறங்கிய சக்கரம் உடனே திரும்பி ரோட்டைத் தொட வேண்டும், கனமாக இருந்தால் ஷாக்கால் அதை அடக்க முடியாது, குதிக்கும். குதிக்கும் நேரத்தில் கிரிப் ஏது?

ஹேர்பின்_40:
மேலே சொன்னது சரிதான், ஆனாலும் பெரிய வீல் என்றாலே பாவம் என்று பேச வேண்டாம். நான் இதே வண்டியில் 195/55 ஆர்16 போட்டு வால்பாறை ஏறி இறங்குகிறேன். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி மூக்கைத் திருப்புகிறது. பழைய 165/80-இல் கைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி இருக்கும், ஏனென்றால் உயரமான சைடுவால் முதலில் மடங்கி, அதற்குப் பிறகுதான் வளைவுக்கான பிடி வரும். அந்தத் தயக்கம் போய்விட்டது, பிரேக்கும் நம்பிக்கையாக இருக்கிறது. ஆனால் இதில் பாதிக்கு மேல் டயர் நல்ல டயர் என்பதால்தான். அதே காசில் 17 இன்ச்சும் வாங்கி டயரில் மிச்சம் பிடித்தால் ஒன்றும் கிடைக்காது. பார்வைக்குத்தான் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஹேண்டிலிங் என்று சொல்லிப் போடாதீர்கள்.

தாம்பரம்_திண்டிவனம்:
நன்றி. ஃபுல் லோடில் உரசுமா? கடையில் "கொஞ்சம் வெளியே வரும், அதுதான் ஸ்டைல்" என்றார்கள்.

அலைன்மென்ட்_அண்ணாச்சி:
தம்பி, அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். உங்கள் ஸ்டீல் ரிம் அகலம் 5 இன்ச். 7 இன்ச் ரிம் என்றால் பக்கத்துக்கு 1 இன்ச், அதாவது 25 மில்லிமீட்டர் கூடும். ஆஃப்செட் குறைந்தால் வீல் அந்த அளவு வெளியே வரும்; 45-இல் இருந்து 35-க்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 10. ஆக ரிம்மின் வெளி விளிம்பு 35 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். பின்னால் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை, பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர். உரசுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

உரசாவிட்டாலும் பிரச்சினை தீராது. சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் ரோட்டைத் தொடும் நடுப்பகுதிக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனிக்காரன் கணக்குப் பண்ணி வைத்திருப்பான். வீலை வெளியே தள்ளினால் அது மாறிவிடும். லாரி ஓடி ஓடிக் குழிந்த தடத்தில் வண்டி தானாக இழுக்கும், ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரில் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். அலைன்மென்ட் பார்த்தால் எல்லா அளவும் பச்சையில் இருக்கும், வண்டி மட்டும் நேராகப் போகாது. மாதத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள், வீலை மாற்றுங்கள் என்றால் முறைக்கிறார்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஸ்விஃப்ட் 900 கிலோ பக்கம்தான். அந்த லேசான வண்டிக்கு அகல டயர் போட்டால் தேங்கிய தண்ணீரில் குறைந்த வேகத்திலேயே மிதக்க ஆரம்பிக்கும், ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். லோடு இண்டெக்ஸும் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பாருங்கள். உங்கள் பழைய டயரில் 85 என்று இருக்கும், ஒரு டயருக்கு 515 கிலோ. 205/45 ஆர்17 சாதாரண டயரில் 84 என்று வரும், 500 கிலோ. டயர் பெரிதாகத் தெரியும், தாங்கும் எடை குறைவு! எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) டயர் வாங்கினால் 88 கிடைக்கும், ஆனால் அந்த எடையைத் தாங்க காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும், குலுக்கல் மறுபடி ஏறும்.

என்ன செய்யலாம் என்றால், இதே ஸ்விஃப்டின் மேல் மாடலான ஸெட்எக்ஸ்ஐ-யில் மாருதியே கொடுத்த 185/65 ஆர்15 போடுங்கள். சைடுவால் 120 மில்லிமீட்டர், விட்டம் சுமார் 621. சஸ்பென்ஷனுக்குப் பழக்கமான அளவு, டயரும் எங்கேயும் கிடைக்கும். இன்சூரன்ஸ்காரனிடமும் ஆர்டிஓவிலும் விளக்கம் சொல்லும் வேலை குறைவு. கம்பெனி அளவை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

தாம்பரம்_திண்டிவனம்:
சரி அண்ணாச்சி, 15-க்கே போகிறேன். கம்பெனி அலாய் விலை அதிகம், வெளி அலாய் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

ரப்பர்_புஷ்:
பிசிடி 4-100 (நாலு நட் ஓட்டை, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர்), நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். வெளி அலாயில் ஓட்டை பெரிதாக இருக்கும், அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையம் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வீல் நடுவில் உட்காராமல் 80-க்கு மேல் ஸ்டியரிங் ஆடும், பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் போகாது. ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல் (அலாய் வீலுக்கான ஜப்பானிய தர அடையாளம்) முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் தராசு இருந்தால் ஒரு வீலைத் தூக்கி வையுங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அலைன்மென்ட்_அண்ணாச்சி:
உங்கள் பழைய 14 இன்ச் ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். புது அலாய்க்குத் தனி நட் கொடுத்தால் அது ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். அதனால் பழைய நட் நாலையும் ஒரு கவரில் கட்டி டிக்கியில் ஜாக்கி பக்கத்தில் போட்டு வையுங்கள்.