ஒரே டேட்டா, ரெண்டு டி டெஸ்ட், ரெண்டு பி வேல்யூ. எதை எழுதறது?

வடசென்னை_நர்ஸ்:
எம்எஸ்சி நர்சிங் படிக்கிறேன். தீசிஸுக்கு வியாசர்பாடி பக்கம் பிபி இருக்கறவங்கள வெச்சு 12 வாரம் நடைப்பயிற்சி ப்ரோக்ராம் நடத்துனோம், ஒரே க்ரூப் தான், கன்ட்ரோல் கிடையாது. ஜனவரி கடைசில கேம்ப் போட்டு மேல் பிபி 140க்கு மேல இருந்தவங்கள மட்டும் சேத்தோம், அந்த ரீடிங்க தான் ப்ரீ டெஸ்ட்டா வெச்சிருக்கோம். 44 பேர் சேந்தாங்க, கடைசி வரைக்கும் வந்தது 36. சராசரி 156.2ல இருந்து 150.1 ஆகியிருக்கு, எஸ்டி (ஆளுக்கு ஆள் இருக்கற ஏத்த இறக்கத்தோட அளவு) 13, 14. எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர்ல பேர்ட் டி டெஸ்ட் (அதே ஆளுங்களோட முன், பின் ரீடிங்க ஜோடி சேத்து பாக்கறது) போட்டா டி 3.00, டிஎஃப் (ஆள் எண்ணிக்கைல ஒண்ணு கம்மி) 35, பி (உண்மைல மாற்றமே இல்லன்னாலும் தற்செயலா இவ்ளோ வித்தியாசமாவது வர வாய்ப்பு) 0.005. என் ஃப்ரெண்டு அதே டேட்டாவுக்கு இன்டிபென்டன்ட் டி டெஸ்ட் (ரெண்டு வேற வேற க்ரூப்ப ஒப்பிடறது) போட்டு பி 0.06 தான் வருது, சிக்னிஃபிகன்ட் இல்லன்றா. போதாக்குறைக்கு அவுட்புட்ல இன்னொரு டேபிள்ல சிக் (அதாவது பி வேல்யூ) .000ன்னு வேற நிக்குது. தல சுத்துது. "நடைப்பயிற்சியால பிபி குறைஞ்சது"ன்னு எழுதலாமா? வைவா நெருங்கிடுச்சு.

குரோம்பேட்டை_பாஸ்:
0.05க்கு கீழ வந்தா சிக்னிஃபிகன்ட் மா. 0.005 போட்டுட்டு கெளம்புங்க, எக்ஸ்டர்னல் இதெல்லாம் தோண்ட மாட்டாரு.

சராசரி_மனிதன்:
தோண்டுற ஆளு வந்தா என்ன பண்றது பாஸ்? மேடம், உங்க ஃப்ரெண்டு போட்டது இந்த டிசைனுக்கு ஒத்து வராது. முன்னாடி அளந்ததும் பின்னாடி அளந்ததும் அதே 36 பேர். பேர்ட் டெஸ்ட் ஒவ்வொருத்தருக்கும் வித்தியாசத்த எடுத்துட்டு அந்த 36 வித்தியாசத்த மட்டும் தான் பாக்குது. உங்க நம்பர வெச்சு கணக்கு போட்டா வித்தியாசத்தோட எஸ்டி 12.2 வரும், அத ரூட் 36, அதாவது 6ஆல வகுத்தா 2.03, 6.1ஐ அதால வகுத்தா டி 3. இன்டிபென்டன்ட் டெஸ்ட்டுக்கு இது அதே ஆளுங்கன்னே தெரியாது, ஆளுக்கு ஆள் இருக்கற ஏத்த இறக்கத்தையும் சேத்து சுமக்குது, அதான் 0.06. இதுக்குன்னே பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு, கின்னஸ் பீர் கம்பெனில வேல பாத்த காசெட் 1908ல "ஸ்டூடன்ட்"ங்கற புனைபேர்ல எழுதுன பேப்பர்ல, 10 நோயாளிங்களோட தூக்க நேரத்த இப்படி ஆளுக்கு ஆள் வித்தியாசம் எடுத்து தான் பாத்தாரு.

அந்த .000, கோரிலேஷன் டேபிள்ல இருக்கறது. முன்னாடி அதிகமா இருந்தவங்களுக்கு பின்னாடியும் அதிகமா இருக்கான்னு மட்டும் தான் அது சொல்லுது, பிபி குறைஞ்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நெறைய தீசிஸ்ல அத தூக்கி ரிசல்ட்ல ஒட்டி வெச்சிருப்பாங்க, பாத்தா எரிச்சலா வரும். நார்மாலிட்டியும் (நம்பருங்க மணி வடிவத்துல பரவியிருக்கான்றது) வித்தியாசத்துக்கு தான் பாக்கணும், முன் ரீடிங்குக்கும் பின் ரீடிங்குக்கும் தனித்தனியா இல்ல. ரொம்ப கோணலா இருந்தா டி டெஸ்ட்டுக்கு பதிலா வில்காக்ஸன் சைன்ட் ரேங்க் டெஸ்ட் போடுங்க.

பி வேல்யூவ விட முக்கியமா 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்ல (உண்மையான குறைவு எதுல இருந்து எதுவரைக்கும் இருக்கலாம்ங்கற எல்லைய) எழுதுங்க, சுமார் 2ல இருந்து 10.2 எம்எம் வரைக்கும் வரும். 2 எம்எம்ங்கறது பிபி மெஷின்ல ஒரே ஒரு கோடு. 10ன்னா டாக்டரே சந்தோஷப்படுவாரு. உங்க ஸ்டடியால இந்த ரெண்டுல எதுன்னு பிரிச்சு சொல்ல முடியல. சராசரி இன்னும் 150ல தான் நிக்குதுங்கறதையும் மறைக்காதீங்க.

வடசென்னை_நர்ஸ்:
டெஸ்ட் புரிஞ்சிடுச்சு சார். அப்போ குறைஞ்சது நெஜம் தான, நடைப்பயிற்சியாலன்னு போடலாம்ல?

சராசரி_மனிதன்:
குறைஞ்சது நெஜம். எதனாலங்கறத டி டெஸ்ட் சொல்லாது. நீங்க 140க்கு மேல இருந்தவங்கள பொறுக்கி எடுத்துட்டு அந்த ரீடிங்கையே ப்ரீ டெஸ்ட்டா வெச்சிருக்கீங்க, சிக்கலே அங்க தான். ராத்திரி தூங்காம, பஸ்ஸ புடிச்சு ஓடி வந்து, க்யூல நின்னு கையக் குடுத்தவருக்கு அன்னிக்கு 152 காட்டியிருக்கும், அவரோட வழக்கமான பிபி 138ஆ கூட இருக்கலாம். அவர் ஒரு அடி நடக்கலன்னாலும் அடுத்த தடவ குறைவா தான் காட்ட வாய்ப்பு அதிகம். அதே மாதிரி அன்னிக்கு தற்செயலா 136 காட்டுனவர் உங்க லிஸ்ட்லயே இல்ல. ரிக்ரெஷன் டு த மீன், அதாவது சராசரிய நோக்கி திரும்பறதுன்னு 1886ல கால்டன் அப்பா அம்மா உயரம், பிள்ளைங்க உயரத்த வெச்சு எழுதுனது இதத் தான். கேம்ப்ல ஒரு ரீடிங்ல சேத்துட்டு, வேற நாள்ல திரும்ப அளந்து அத ப்ரீ டெஸ்ட்டா வெச்சிருந்தா இது கணிசமா குறைஞ்சிருக்கும். அப்படி ரெண்டாவது ரீடிங் யாருக்காவது ரெக்கார்டுல இருக்கான்னு தேடிப் பாருங்க.

பிபி_டாக்டர்:
நான் கம்யூனிட்டி மெடிசின். ஜனவரி கடைசில ஆரம்பிச்சு 12 வாரம்னா போஸ்ட் டெஸ்ட் ஏப்ரல் கடைசி, அதுவும் நம்ம சென்னை வெயில்ல. வெயில் காலத்துல ரத்தக்குழாய் விரியும், வேர்வைல உப்பும் தண்ணியும் போகும், பிபி தானாவே கொஞ்சம் எறங்கும். அப்புறம் கேம்ப்ல பிபி அதிகம்னு சொன்னதும் பாதி பேர் நிறுத்தி வெச்சிருந்த மாத்திரைய திரும்ப ஆரம்பிச்சிருப்பாங்க, யாருக்காவது அம்லோடிபின்ங்கற பிபி மாத்திரை டோஸ் ஏத்துனாங்களான்னு கேட்டீங்களா? விட்டுப்போன 8 பேர எஸ்பிஎஸ்எஸ் சத்தமில்லாம ஒதுக்கிடும். அவங்க ப்ரீ டெஸ்ட் சராசரி மத்தவங்களோடத விட அதிகமான்னு ஒரு வரியாவது எழுதுங்க.

வடசென்னை_நர்ஸ்:
மாத்திரை விவரம் கேஸ் ஷீட்ல இருக்கு டாக்டர், எடுத்துடறேன். வாக்கியத்த எப்படி தான் எழுதறது?

சராசரி_மனிதன்:
"12 வார நடைப்பயிற்சிக்குப் பின் மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 6.1 எம்எம் குறைந்திருந்தது, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 2.0 முதல் 10.2, டி 3.00, டிஎஃப் 35, பி 0.005. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதை நடைப்பயிற்சியின் விளைவு என்று மட்டும் கொள்ள இயலாது." லிமிட்டேஷன்ல டாக்டர் சொன்ன மாத்திரை, வெயில், விட்டுப்போனவங்க மூணையும் போடுங்க. "பின்"னு இருக்கறத யாராவது "ஆல்"னு மாத்த சொன்னா ஒத்துக்காதீங்க.