தெரபிஸ்ட் தந்த பயிற்சித் தாளை வீட்டில் எப்படி நிறைவேற்றுவது?

கேள்வி (மூன்றரை வயது மகனின் தாய்):

என் மகன் 32 வாரங்களில் பிறந்தவன். செவித்திறன் சோதனையில் குறை எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலும் ஒற்றைச் சொற்களில்தான் பேசுகிறான். கைகளில் பிடிமானமும் குறைவு என்பதால் பொத்தான் போடுவதும் கிரேயானைப் பிடிப்பதும் அவனுக்குக் கடினமாக இருக்கின்றன. நான்கு மாதங்களாக வாரம் ஒரு முறை ஆக்குபேஷனல் தெரபிக்கும் (உடுத்துவது, வரைவது போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சை) ஒரு முறை ஸ்பீச் தெரபிக்கும் அழைத்துச் செல்கிறேன். வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டியவை என்று பதினொரு பயிற்சிகள் கொண்ட தாள் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து அவனை மேசையில் உட்கார வைத்தால் ஐந்தே நிமிடங்களில் அழத் தொடங்கிவிடுகிறான். அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுக்கிறேன். தெரபிஸ்டிடம் மட்டும் எல்லாவற்றையும் செய்கிறான். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், விட்டுவிடு என்கிறார் மாமியார். தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சுகிறது. மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மறுமொழி 1 (குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்):

இதில் எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருகிறோமே தவிர, அந்த வீட்டின் எந்த நேரத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று பல வேளைகளில் கேட்பதில்லை. அடுத்த முறை அந்தத் தாளை எடுத்துச் சென்று, இப்போதைக்கு மிகவும் தேவையான இரண்டைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். எந்தத் தெரபிஸ்டும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிறகு அந்த இரண்டையும் மேசையிலிருந்து விலக்கி, அன்றாட வேலைகளுக்குள் கொண்டு செல்லுங்கள். பொத்தானையே எடுத்துக்கொள்வோம். சட்டை மாற்றுவது எப்படியும் நடக்கும் வேலை. பொத்தானைத் துளைக்குள் பாதி வரை நீங்களே செலுத்திவிட்டு, மறுபக்கம் எட்டிப் பார்க்கும் முனையை இழுப்பதை மட்டும் அவனிடம் விட்டுவிடுங்கள். அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படியையும் அவனிடம் ஒப்படையுங்கள். இப்படிக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பித்தால், வேலையை முடித்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் குழந்தைக்கே கிடைக்கிறது. முதல் படியிலேயே தோற்று அழும் நிலை வருவதில்லை. காலுறையைக் குதிகால் வரை நீங்கள் மாட்டிவிட்டு மீதியை அவன் இழுப்பதும், கால்சட்டையை இடுப்புக்குச் சற்றுக் கீழிருந்து அவன் ஏற்றிக்கொள்வதும் இதே முறைதான்.

கிரேயான் பற்றி ஒரு சொல். தோளும் உடற்பகுதியும் நிலைகொள்ளாத குழந்தையிடம் விரல்களின் நுட்பத்தை எதிர்பார்ப்பது, கால் ஆடும் நாற்காலியில் அமர்ந்து ஊசியில் நூல் கோக்கச் சொல்வதைப் போன்றது. ஆகவே தாளைச் சுவரில் அவன் கண் உயரத்தில் ஒட்டி வரையச் சொல்லுங்கள். நின்றபடி வரையும்போது தோள் வேலை செய்கிறது. மணிக்கட்டும் எழுதுவதற்கு ஏற்றபடி பின்னோக்கி வளைகிறது. கிரேயானை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துக் கொடுத்தால் அதை முஷ்டியால் பிடிக்க இயலாமல் விரல் நுனிகள் தாமாகவே முன்வரும். குளிக்கும்போது ஸ்பாஞ்சைப் பிழிவதும், துணி உலர்த்தும்போது கிளிப்பை அழுத்தித் திறப்பதும் கைகளுக்கு நல்ல வேலைகளே. மூன்று விரல்களால் பிடிக்கும் முதிர்ந்த பிடி பொதுவாக நான்கு முதல் ஆறு வயதுக்குள்தான் அமைகிறது என்பதால் அதை இப்போதே வற்புறுத்த வேண்டாம்.

மறுமொழி 2 (பேச்சுத் தாமதம் இருந்த மகளின் தந்தை):

பேச்சைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் கடினமாக இருந்த பாடம், சும்மா இருப்பது. ஒன்றைச் சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும் என்றார் எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட். அந்தப் பத்து எண்ணிக்கை எவ்வளவு நீளமானது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். "இது என்ன? இது என்ன நிறம்?" என்று தேர்வு நடத்துவதையும் நிறுத்தச் சொன்னார். குழந்தை "பந்து" என்றால் நாம் "பெரிய பந்து" என்றோ "பந்து உருளுது" என்றோ ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பித் தர வேண்டும். அதை அவள் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கூடாது.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. வா, போ, தா ஆகிய ஏவல் சொற்கள் ஓரெழுத்துச் சொற்கள். "அம்மா வா", "பந்து தா" என்று ஒரு பெயரோடு அவற்றை இணைத்துவிட்டாலே இரு சொல் தொடர் கிடைத்துவிடுகிறது. என் மகளின் முதல் தொடர் "அப்பா போ" என்பதுதான். "சொன்னால்தான் தருவேன்" என்று பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கும் இருந்தது. அதனால் பிடிவாதம்தான் வளர்ந்தது, பேச்சு வளரவில்லை.

மறுமொழி 3 (பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் தாய்):

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் விளையாட்டாக மாற்றிவிட முடியாது. என் மகளுக்குத் தசை இறுக்கம் இருக்கிறது. அவளுடைய கணுக்கால் தாங்கி குறித்த மணி நேரம் அணியப்பட்டே ஆக வேண்டும், தசை நீட்சியும் பிசியோதெரபிஸ்ட் காட்டிய முறையிலேயே நடக்க வேண்டும். எனவே தாளில் எவை கட்டாயம், எவை வாய்ப்புக் கிடைக்கும்போது செய்யத்தக்கவை என்று பிரித்துக் கேளுங்கள்.

மாமியார் சொல்வதைப் பற்றி: ஆண், பெண் குழந்தைகளுக்கிடையே பேச்சில் சராசரி வேறுபாடு உண்டு, ஆனால் அது சிறியது. இரண்டு வயது கடந்தும் இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தையை, ஆணாயினும் பெண்ணாயினும், மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்வதே முறை. அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். ஏற்கெனவே வந்த சொற்கள் மறையத் தொடங்கினால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 4 (மறுமொழி 1 எழுதியவர்):

கைப்பேசியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், பல்வகை உடலசைவு குறைந்தது 180 நிமிடங்கள் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் கூறுகிறது. அளவைவிட எனக்குக் கவலை தருவது வரிசைதான்: அழுதால் கைப்பேசி என்ற வரிசை பழகிவிட்டால் பயிற்சி என்பதே அழுகைக்கான அறிவிப்பாகிவிடும். அழுகை வருவதற்கு முன், இரண்டாவது நிமிடத்திலேயே, அவன் நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

வினவியவர் (பத்து நாட்களுக்குப் பின்):

அனைவருக்கும் நன்றி. தாளில் ஒன்பது பயிற்சிகளைத் தெரபிஸ்டே அடித்துவிட்டார். கட்டாயமானது எதுவும் இல்லை என்றும் உறுதிப்படுத்தினார். பொத்தானை இழுப்பது மூன்றாம் நாளே வந்துவிட்டது. அதற்கு முந்தைய படி இன்னும் வரவில்லை. சுவரில் ஒட்டிய தாளைத் தாண்டிச் சுவரிலும் வரைந்திருக்கிறான். காத்திருப்பதில்தான் சிக்கல்: நான் ஆறு எண்ணுவதற்குள் அவன் பார்வையைக் கண்டே மாமியார் பொருளை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பகலில் அவனோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த ஸ்பீச் தெரபிக்கு நான் வெளியே அமர்ந்துகொண்டு, அவரை உள்ளே அனுப்பப் போகிறேன்.